முல்லைத்தீவில் ஒரு களரி வேண்டும்

கொழும்பு மருதானையில் இருக்கும் டவர் மண்டபம் 1911இல் திறக்கப்பட்டது. நூர்த்தி எனப்படும் சிங்களப் பாட்டு நாடகங்கள் கொடிகட்டிப் பறந்த இடம். பிறகு அங்கே படம் ஓடியது. 1978இல் திருத்தியமைக்கப்பட்டு மறுபடி நாடகத்துக்கே வந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். வன்னியில் நாங்கள் எதைத் திருத்துவது? எங்கள் கூத்தரங்கான களரிக்குச் சுவரே இருந்ததில்லையே.

கோவலன் கூத்தைத்தான் சொல்கிறேன். முல்லைமோடி, அதாவது முல்லைத்தீவுப் பாணி, என்று தனிப்பெயரே பெற்றுவிட்ட ஆட்டம். பேராறு வந்து விழும் நந்திக்கடலின் கரையில், வற்றாப்பளையில், கண்ணகை அம்மன் இருக்கிறாள். வைகாசிப் பொங்கலுக்கு முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரிப்பார்கள். இந்த ஊர்களில் கோவலன் கதையை ஆடாமல் வேறு எதை ஆடுவது! அதற்கு அரங்கு என்றால் வட்டக்களரிதான். நடுவில் ஆட்டம், சுற்றிவரச் சனம், விடிய விடிய.

இப்போது கூத்தை மண்டபத்து மேடையில் ஏற்றுகிறோம். களரியில் ஆடுபவர் நாலு பக்கமும் திரும்பிப் பாடுவார். எந்தப் பக்கம் இருந்தாலும் ஒருமுறை உங்கள் முகத்தைப் பார்த்துப் பாடிவிட்டுப் போவார். மேடையில் அதே சுற்று பாதி பின்திரைக்குப் போகிறது. ஆகவே சுற்றைக் குறைக்கிறார்கள். ஒலிவாங்கி வந்த பிறகு அதன் முன்னால் நின்றே பாட வேண்டியிருக்கிறது, காலும் நின்றுவிடுகிறது. அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிறது என்று அரை மணித்தியாலத்தில் முடிக்கச் சொல்வார்கள். மத்தளக்காரருக்குக் கை சூடேறவே அந்த நேரம் காணாது.

மேடையே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்துகளைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்திராவிட்டால், படித்தவர்கள் பலர் கூத்தைத் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார்கள். அது பெரிய வேலை. ஆனால் அப்போது சுருக்கியதற்கு மூலமான முழுக்கூத்து ஊர்களில் விடிய விடிய நடந்துகொண்டிருந்தது. இங்கே நாங்கள் மூலத்தையே இழந்துவிட்டுச் சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறோம். போரில் 2009 வரை மாறி மாறி இடம்பெயர்ந்த சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. உடுப்பையும் மத்தளத்தையும் கூத்துக் கொப்பியையும் யார் தூக்குவது? மிஞ்சியது கூத்துப் பழக்கும் வயதான அண்ணாவிமாரின் நெஞ்சில் இருக்கிற பாட்டுத்தான்.

அதனால் கேட்கிறேன். முள்ளியவளைப் பக்கம் ஒரு காணித்துண்டை ஒதுக்குங்கள். மண் தரை போதும். சுற்றிவர இருக்கச் சாய்வான திட்டு, ஆட்டக்காரர் உடுத்து வெளிக்கிட ஒரு கொட்டில், உடுப்பு வைக்க ஒரு அறை, நல்ல நிழல்மரம். ஒரு கலாசார மண்டபத்துக்கு ஆகிற செலவில் சிறுபங்குகூட வராது. பழகவரும் பெடியளுக்கு இரவுச் சாப்பாடும் வீடுபோக வாகனமும் வேண்டும். காலையில் கடலுக்கோ மேசன் வேலைக்கோ போகிறவர்கள் அவர்கள், சும்மா வந்து பழகு என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. பெண் பிள்ளைகளும் ஆட வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

கோயில் கோபுரத்துக்குக் காசு அனுப்பும் வெளிநாட்டு உறவுகளே, உங்களிடமும் இதைத்தான் கேட்கிறேன். அந்தக் காசில் ஒரு பங்கை ஒதுக்கி, ஒரு அண்ணாவியாருக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். அவர் பாடுவதை முழுக்கப் பதிவுசெய்ய ஆள் அனுப்புங்கள். இந்த வருடமே தொடங்குங்கள்.