எந்த வியாக்கியானம் வாங்கலாம் அண்ணா?

வாரத்துக்கு ஒருவராவது இன்பாக்ஸில் வந்து கேட்கிறார்கள். "நல்ல வேத வியாக்கியானம் ஒண்ணு சொல்லுங்கண்ணா, முழு செட்டா வாங்கிடலாம்னு இருக்கேன்." வியாக்கியானம் என்றால் பைபிளைப் பகுதி பகுதியாக விளக்குகிற புத்தகம். தண்டையார்பேட்டையில் எங்கள் சபை வாலிபர்களுக்குப் பதினோரு வருஷமாக வேதபாடம் எடுக்கிறேன், வீட்டில் ரெண்டு பீரோ நிறையப் புத்தகம் இருக்கிறது, இதைச் சொல்ல எனக்கு வேறு தகுதி கிடையாது. செட் வாங்காதீர்கள். பைபிளில் இப்போது எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு முழிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், அதற்கு மட்டும் ஒரு புத்தகம் பார்ப்போம்.

இந்தப் புத்தி சும்மா வரவில்லை. சில வருஷம் முன்னால் ஹார்பரில் வேலை பார்க்கிற ஒரு தம்பி ஆசையாகக் கேட்டான். நானும் பெருமையாக வெய்ன் குரூடம் 1994-இல் வெளியிட்ட சிஸ்டமேட்டிக் தியாலஜியை, அதாவது கிறிஸ்தவக் கோட்பாடுகளைத் தலைப்பு தலைப்பாக விளக்கும் புத்தகத்தை, எடுத்துக் கொடுத்தேன். 1,200 பக்கத்துக்கு மேல், அத்தனையும் இங்கிலீஷ். மூன்று மாதம் கழித்து நியூஸ்பேப்பர் அட்டை போட்டு, கசங்காமல் திருப்பிக் கொடுத்தான். "நல்லா இருந்துச்சுண்ணா." பதினான்காம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது. அப்புறம் வேதபாடத்துக்கு வருவதையும் குறைத்துக்கொண்டான். அவன் அப்பா தவறி நாலு மாதம்தான் ஆகியிருந்தது, பாடுபடுகிற மனுஷனைப் பற்றிய யோபு புத்தகத்தைப் பைபிளில் படித்துக்கொண்டிருந்தான் என்பதெல்லாம் வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் கேட்கவே இல்லையே.

சரி, ஒரு இடத்துக்கு ஒரு புத்தகம் என்றால் என்ன கிடைக்கும்? வெளிப்படுத்தல் புத்தகத்தில், இன்றைய துருக்கியில் இருந்த லவோதிக்கேயா சபைக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "நீ குளிராயாவது அனலாயாவது இருந்தால் நலமாயிருக்கும்" (வெளி. 3:15). அனல் என்றால் பக்தி வைராக்கியம், குளிர் என்றால் பின்மாற்றம், அதாவது விசுவாசத்தை விட்டு விலகிப்போவது, இப்படித்தான் சின்ன வயதிலிருந்து பிரசங்கம் கேட்டோம். அப்படியானால் பின்மாறிப் போனாலும் நலம்தான் என்றா ஆண்டவர் சொல்கிறார்? சண்டே கிளாஸில் இதைக் கேட்டதற்கு "உக்காருடா" என்றார்கள்.

இருபது வருஷம் கழித்து, காலின் ஹெமர் என்பவர் ஆசியாவின் ஏழு சபைகளைப் பற்றி 1986-இல் எழுதிய ஆய்வில் பதில் கிடைத்தது. பக்கத்து ஊர் எராப்போலியில் வெந்நீர் ஊற்று, உடம்புக்கு நல்லது. கொலோசெயில் குளிர்ந்த தண்ணீர், குடிக்க நல்லது. லவோதிக்கேயாவுக்குக் குழாய் வழியாக வந்து சேர்ந்ததோ வெதுவெதுப்பான தண்ணீர், ரெண்டுக்கும் ஆகாது. அப்போது குளிரும் நல்லதுதான், அனலும் நல்லதுதான். அந்த ஊர் இடிபாடுகளில் கல்குழாய்க்குள் சுண்ணாம்பு திட்டுத் திட்டாகப் படிந்திருப்பதை இன்றைக்கும் பார்க்கலாம். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் ஹீட்டர் காயில் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து நிற்குமே, அதே சமாச்சாரம். அன்றைக்கு அந்த வசனத்தைப் படித்தபோது என் வாயிலேயே உப்புக் கரித்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கிரெய்க் கோஸ்டர் என்ற இன்னொரு பைபிள் ஆய்வாளர் 2003-இல் ஒரு கட்டுரையில் இந்தத் தண்ணீர் விளக்கத்தையே மறுக்கிறார். லவோதிக்கேயா தண்ணீர் குடிக்கத் தக்கதுதான் என்று பழங்கால கிரேக்க புவியியல் எழுத்தாளர் ஸ்திராபோவே எழுதியிருக்கிறார், இந்த வசனம் விருந்துகளில் சூடாகவோ குளிரவைத்தோ பரிமாறிய பானத்தைப் பற்றிய பேச்சு என்கிறார் கோஸ்டர். நான் இன்னும் ஹெமர் பக்கம்தான் சாய்கிறேன், கொஞ்சம் தயக்கத்தோடு. ஒரே ஆளின் செட்டை வாங்கி அலமாரியில் அடுக்கினால் இந்தத் தயக்கம் நமக்கு வரவே வராது.

"ஆவியானவர் போதிப்பார், புஸ்தகம் எதுக்கு பிரதர்?" என்பவர்களுக்கு லண்டனின் பேர்பெற்ற பிரசங்கியார் ஸ்பர்ஜனே 1876-இல் பதில் சொல்லிவிட்டார்: ஆவியானவர் தனக்கு வெளிப்படுத்தியதைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள், அவர் மற்றவர்களுக்கு வெளிப்படுத்தியதை இவ்வளவு குறைவாக நினைப்பது விசித்திரம்தான் என்றார். அதே ஸ்பர்ஜன் போதகர்கள் எல்லாரும் மத்தேயு ஹென்றியின் பைபிள் வியாக்கியானத்தை ஒரு தடவையாவது முழுசாகப் படிக்கவேண்டும் என்றும் சொன்னார். படியுங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும், ஹென்றி 1714-இல் இறந்தபோது அப்போஸ்தலர் நடபடிகள் வரைக்கும்தான் முடித்திருந்தார். ரோமர் முதல் வெளிப்படுத்தல் வரை வேறு போதகர்கள் எழுதிச் சேர்த்தது. "ரோமருக்கு மத்தேயு ஹென்றி என்ன சொல்றார்னா" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

இன்னொரு ஆதங்கம். 1761-இல் பாண்டிச்சேரியிலிருந்து ஆங்கிலேயர்கள் கைப்பற்றிக் கொண்டுவந்த அச்சு இயந்திரத்தை வைத்து ஜெர்மன் மிஷனரி ஃபப்ரீஷியஸ் ஐயர் தமிழில் அச்சடித்தது இதோ இந்த வேப்பேரியில்தான். அந்த வேப்பேரியைத் தாண்டித்தான் தினம் வேலைக்குப் போகிறோம், ஆனால் புத்தகம் சிபாரிசு செய்யச் சொன்னால் பத்துக்குப் பத்தும் இங்கிலீஷ். என் லிஸ்டும் அப்படித்தான் இருந்தது.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு தேடிக்கொண்டிருக்கும்போது ஒரு அக்கா கேட்டார்: "பிரசங்கி புஸ்தகம் படிக்கப் படிக்க பயமா இருக்கு தம்பி, எல்லாம் மாயைங்கறாரே, தமிழ்ல ஏதாவது இருக்கா?" எட்டாம் வகுப்பு வரை படித்தவர், மார்க்கெட்டில் மீன் விற்கிறார். மூன்று நாளாகத் தேடுகிறேன், அவர் கையில் தைரியமாகக் கொடுக்கிற மாதிரி எனக்கு இன்னும் அகப்படவில்லை. தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிசாக இருந்தால் ரொம்ப நல்லது.