பொய்க் காதல் கதையில் ஒப்பந்தத்தைப் பாருங்கள்

டீன் ஏஜ் நாவல்களில் 'காதலிப்பதுபோல் நடிக்கும் ஜோடி' கதைக்கு முடிவு அட்டையைப் பார்த்தாலே தெரியும். நடிக்கப் போய் நிஜமாகவே மாட்டிக்கொள்வார்கள். அப்புறம் எதற்குப் படிப்பது? நடிப்பு எந்த இடத்தில் கைமீறுகிறது என்று பார்க்கத்தான். அந்தச் சுவாரசியம் முழுக்க அவர்கள் போடும் ஒப்பந்தத்தில் இருக்கிறது என்பது என் கட்சி.

ஜென்னி ஹானின் 'டு ஆல் தி பாய்ஸ் ஐவ் லவ்ட் பிஃபோர்' (2014) நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். லாரா ஜீன் ஒளித்து வைத்திருந்த ஐந்து காதல் கடிதங்கள் தபாலில் போய்விடுகின்றன. ஒன்று அக்காவின் முன்னாள் காதலன் ஜோஷுக்கு. அவனைச் சமாளிக்க அவளுக்கு ஒரு 'காதலன்' தேவை. இன்னொரு கடிதம் போய்ச் சேர்ந்த பீட்டருக்கோ தன்னை விட்டுப்போன காதலி ஜெனிவீவைப் பொறாமைப்பட வைக்க வேண்டும். இருவருக்கும் காரியம் ஆக வேண்டியிருக்கிறது, குட்டு உடைந்தால் இருவர் மானமும் போகும். ஒருவர் சும்மா உதவிக்கு வந்தால் கதை கெட்டது. அவர் ஏற்கெனவே காதலிக்கிறார் என்று வாசகர் பத்தாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்தது விதிகள். 2018இல் வந்த நெட்ஃபிளிக்ஸ் படத்தில் லாரா ஜீன் போடும் முக்கிய நிபந்தனை, முத்தம் கூடாது. பீட்டர் தன் பங்குக்கு, தினம் ஒரு சீட்டு எழுதித் தருகிறேன் என்கிறான். ஜெனிவீவ் கேட்டுக் கேட்டும் அவளுக்கு அவன் எழுதாத சீட்டு அது! அவளை எரிச்சலூட்டப் போட்ட விதியே மெல்ல மெல்ல லாரா ஜீனுக்கு மட்டுமான விஷயமாகிவிடுகிறது. நல்ல விதி இப்படித்தான், போட்டவரையே பிடித்துக்கொள்ளும். வெறும் தடையாக நிற்கும் விதி மீறப்படும் வரைதான் உயிரோடு இருக்கும். நம் இணைய நாவல்களின் ஒப்பந்தக் கல்யாணங்கள் பலவற்றில் கையெழுத்தோடு ஒப்பந்தமே மறந்துபோகிறது.

யார் பார்வையில் சொல்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். லாரா ஜீன் மட்டுமே பேசுவதால் பீட்டரின் மனசை அவளோடு சேர்ந்து நாமும் ஊகிக்கிறோம். அத்தியாயத்துக்கு அத்தியாயம் இருவரும் மாறி மாறிப் பேசினால் பாதியிலேயே நமக்கு எல்லாம் தெரிந்துவிடும். பிறகு வரும் சண்டை 'ஒரு வார்த்தை கேட்டால் தீருமே' என்று கடுப்பேற்றும்.

படம் மட்டும் பார்த்தவர்களுக்கு ஒன்று: மைதானத்தில் சேர்ந்துவிடும் அந்த முடிவு முதல் நாவலில் கிடையாது. அவள் பீட்டருக்குக் கடிதம் எழுத உட்காருவதோடு புத்தகம் நின்றுவிடும். 2015இல் வந்த இரண்டாம் பாகத்தையும் சேர்த்தே வாங்குங்கள்.