கள்ளு தெரிந்த நாக்குக்கு ஸ்டவுட் புரியும்

"கறுப்பு பீரா? கசக்கும், தலைக்கு ஏறும்." கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் யாரிடம் பேச்செடுத்தாலும் இதைத்தான் சொல்வார்கள். கசப்பு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். தலைக்கு ஏறும் என்பது மட்டும் சரியில்லை. இந்தக் கறுப்பு பீருக்குப் பெயர் ஸ்டவுட். உலகத்தில் அதிகம் பேருக்குத் தெரிந்த ஸ்டவுட் கின்னஸ் டிராஃப்ட். அதில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். நாம் சாதாரணம் என்று நினைத்து வாங்கும் மஞ்சள் லாகர் பீரில் 5 சதவீதம் வரை இருக்கும். கறுப்பு நிறம் தானியத்தை வறுப்பதால் வருவது. போதை வேறு கணக்கு. இந்த ஒரு குழப்பத்தால் எங்கள் ஊர்க்காரர்கள் நல்ல ஸ்டவுட் பக்கமே போகாமல் இருக்கிறார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் வருத்தம்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த மாதிரி பீரை முதலில் புரிந்துகொள்ள வேண்டியவர்களே எங்கள் சித்தூர் தாலுகாக்காரர்கள்தான் என்று நான் நம்புகிறேன். ஏனென்றால் நமக்குக் கள்ளு தெரியும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 1987இலிருந்து கள்ளுக்குத் தடை. வேலந்தாவளமோ கோபாலபுரமோ தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அதே தமிழ், அதே தென்னை, ஆனால் மரத்தில் பானை கட்டியிருக்கும். விடிவதற்குள் இங்கிருந்து வண்டி வண்டியாகக் கள்ளு மற்ற மாவட்டங்களுக்குப் போகும். எங்கள் தோப்பில் முப்பது வருடமாகக் கள் இறக்குகிற மாமா ஒருவர் இருக்கிறார். ஒருமுறை கள்ளு ஷாப்பில் ஒரு குப்பி வாங்கி வந்து அவரிடம் கொடுத்தேன். ஒரு வாய் குடித்து, துப்பாமல், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்தார். "இது காலையில எறக்குனது மட்டுமில்லைங்க தம்பி, நேத்து அந்திக்கள்ளையும் சேத்திருக்கறாங்க" என்றார். பின்னால் விசாரித்தால் அப்படியேதான்.

அந்த நாக்கைத்தான் சொல்கிறேன். புளிப்பு எந்த மணி நேரத்தில் ஏறும், இனிப்பு எப்போது இறங்கும், பானை சரியாகக் கழுவப்பட்டதா என்பதெல்லாம் ஒரு வாயில் தெரிந்துகொள்கிற நாக்கு. பெங்களூரில் ஒன்பது வருடம் வேலை பார்த்தபோது டேஸ்டிங் என்ற பெயரில் சின்னச் சின்ன கிளாஸ்களை வரிசையாக வைத்து ஆங்கிலத்தில் விளக்குவார்கள். எனக்கு மாமாவின் முகம்தான் நினைவுக்கு வரும்.

ஸ்டவுட்டின் கதை சுருக்கமாக. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் சுமை தூக்குகிறவர்கள் விரும்பிக் குடித்த பழுப்பு பீருக்கு போர்ட்டர் என்று பெயர் வந்தது. அதில் கொஞ்சம் கெட்டியானதை ஸ்டவுட் போர்ட்டர் என்றார்கள், பிறகு போர்ட்டர் உதிர்ந்து ஸ்டவுட் நின்றது. 1817இல் டேனியல் வீலர் என்பவர் மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, இரும்பு உருளையில் போட்டுக் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். காப்பிக் கொட்டை வறுக்கும் உருளை மாதிரியேதான் அது. அதற்குப் பிறகுதான் இன்று நாம் பார்க்கிற அந்தக் கறுப்பு வந்தது.

இதைப் படித்தபோது எனக்கு அம்மாயி வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது. அங்கே கைப்பிடி வைத்த ஓர் இரும்பு உருளை இருந்தது. நெல்லியாம்பதியிலிருந்து வரும் கொட்டையை அதில் போட்டு, கரி அடுப்பின் மேல் அம்மாயி சுற்றிக்கொண்டே இருப்பார். முதலில் பச்சை வாசம், அப்புறம் ரொட்டி வாசம், அப்புறம் ஒரு கட்டத்தில் சடசடவென்று வெடிக்கும். "இப்போ எடுக்கலைன்னா கரிதான்" என்று சொல்லி முறத்தில் கொட்டுவார். அந்தக் கடைசி அரை நிமிடத்தின் வாசம் இருக்கிறதே, கருகப் போகிறது ஆனால் இன்னும் கருகவில்லை, அதுதான் நல்ல ஸ்டவுட்டின் வாசம். கருகிவிட்டால் சாம்பல் சுவை. முன்னாலேயே எடுத்துவிட்டால் வெறும் பழுப்பு பீர். எந்த ஸ்டவுட்டைக் குடித்தாலும் இந்தக் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

நான் ஸ்டவுட்டை முதன்முதலாக அதன் ஊரிலேயே குடித்தது அயர்லாந்தின் கார்க் நகரத்தில். பெரியம்மா மகள் அங்கே நர்ஸ். கார்க்குக்கு என்று சொந்தமாக இரண்டு ஸ்டவுட் இருக்கின்றன: 1792இல் தொடங்கிய பீமிஷ், 1856இல் தொடங்கிய மர்ஃபிஸ். அந்த அக்காவும் அவள் கணவரும் கூட்டிப்போன பப்பில் நான் மர்ஃபிஸ் கேட்டேன். பரிமாறியவர் கிளாஸைச் சாய்த்துப் பிடித்து முக்கால் பங்கு ஊற்றி, மேஜையில் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். கிளாஸுக்குள் பார்த்தால் நுரைக் குமிழிகள் மேலே போகாமல் கண்ணாடி ஓரமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. நடுவில் குமிழி மேலே ஏறும்போது பீரையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த பீர் ஓரத்தில் திரும்பி இறங்கும்போது சின்னக் குமிழிகளையும் கூட்டி வரும். நமக்குத் தெரிவது அந்த ஓரம் மட்டும்தான். கலங்கல் தெளிந்து, கீழே கறுப்பு, மேலே பாலாடை என்று இரண்டாகப் பிரிந்தபின் அவர் வந்து மீதியை ஊற்றினார். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். கறுப்பு இல்லை அது, அடியில் மாதுளை முத்துச் சிவப்பு.

அந்த மென்மைக்குக் காரணம் நைட்ரஜன். சாதாரண பீரில் இருப்பது கரியமில வாயு. இந்தக் குழாயில் வருவதில் முக்கால் பங்கு நைட்ரஜன். அது பீரில் லேசில் கரையாது, அதனால் குமிழி பொடியாக வரும், நாக்கைக் குத்தாது. கின்னஸில் இந்த முறையைக் கொண்டுவந்தவர் மைக்கேல் ஆஷ் என்ற கணிதக்காரர், 1959இல். டப்பாவில் வாங்கினால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் உருண்டை கடகடக்கும். திறந்தவுடன் அதிலிருந்து வாயு பீறிட்டு அந்த நுரையை உண்டாக்கும். ஆகவே டப்பாவை அப்படியே வாயில் வைக்காதீர்கள், கிளாஸில் ஊற்றுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் மர்ஃபிஸைத்தான் சொல்வேன். கின்னஸை விடக் கசப்பு குறைவு, டிகாக்‌ஷனில் பால் கொஞ்சம் கூடின மாதிரி. அது பிடித்துவிட்டால் சாமுவேல் ஸ்மித்தின் ஓட்மீல் ஸ்டவுட், 5 சதவீதம். ஓட்ஸ் சேர்ப்பதால் கஞ்சி போல வழவழப்பு வரும். இங்கிலாந்தின் டாட்காஸ்டரில் 1758இல் தோண்டிய கிணற்றிலிருந்து, 85 அடி ஆழத்துத் தண்ணீரை எடுத்து இன்றைக்கும் காய்ச்சுகிறார்கள். கிணறு வற்றுவதைக் கண்ணால் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த ஒரு விஷயமே போதும், அந்தக் குப்பியை மரியாதையோடு கையில் எடுக்க.

இனிப்பு வேண்டுபவருக்கு மில்க் ஸ்டவுட். பால் ஊற்றுவதில்லை, பாலில் இருக்கும் லாக்டோஸ் சர்க்கரையைச் சேர்க்கிறார்கள். ஈஸ்ட்டால் அதைத் தின்ன முடியாது என்பதால் இனிப்பு அப்படியே தங்கும். அமெரிக்காவின் லெஃப்ட் ஹேண்ட் ஆலை காய்ச்சுவது அதில் நல்லது. அங்கேயே புரூக்ளின் ஆலையின் பிளாக் சாக்லேட் ஸ்டவுட்டும் சுவைக்க வேண்டியது. பெயரில் சாக்லேட் இருந்தாலும் உள்ளே சாக்லேட் இல்லை, எல்லாம் வறுத்த மால்ட் தருவது. 10 சதவீதம் ஆல்கஹால், ஒரு குப்பியை மூன்று பேர் பகிரலாம்.

ஆனால் என் மனதில் முதலிடம் இவை எதற்கும் இல்லை. இலங்கையின் லயன் ஸ்டவுட்டுக்குத்தான். நுவரெலியா மலையில் வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிய ஆலையின் வழி வந்தது, இப்போது கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவில் தயாராகிறது. 8.8 சதவீதம். மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேய பீர் எழுத்தாளர் உலகத்துக்கு இதை எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர். ஐரோப்பிய ஸ்டவுட்களில் காப்பி முன்னால் நிற்கும். லயனில் முன்னால் நிற்பது கருப்பட்டி, அதற்குப் பின்னால் உலர்ந்த திராட்சை, கடைசியில்தான் காப்பி. வெயில் நாட்டில் காய்ச்சியது என்பது முதல் வாயிலேயே தெரிகிறது. இதோடு எள்ளுருண்டை சாப்பிட்டுப் பாருங்கள். எள்ளின் எண்ணெயும் வெல்லமும் அந்தக் கசப்பை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். மர்ஃபிஸ், கின்னஸ் போன்ற லேசானவற்றுக்கு எங்கள் கிழக்குப் பக்கத்து மண்ணில் விளைந்த நிலக்கடலையைத் தோலோடு வறுத்துக் கொடுங்கள். கள்ளு ஷாப்பின் சிவந்த மீன்கறி மட்டும் வேண்டாம். மிளகாய்க் காரமும் வறுத்த கசப்பும் சேர்ந்தால் நாக்கு எரியும், இரண்டின் ருசியும் கெடும்.

மீன்கறிக்கு கோதுமை பீர் இருக்கிறது. ஜெர்மனியின் வைன்ஸ்டெஃபானரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும், இரண்டுமே உள்ளே கிடையாது, ஈஸ்ட் செய்கிற வேலை அது. பெல்ஜியத்தின் ஹூகார்டனில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் உண்மையாகவே போடுகிறார்கள். பெங்களூர் போகிறவர்கள் இந்திராநகரில் சொந்தமாக பீர் காய்ச்சும் டாய்ட் என்ற பப்பில் பாஸ்மதி ப்ளாண்ட் குடித்துப் பார்க்கலாம், அரிசியின் வாசம் பீரில் எப்படி உட்காரும் என்று தெரியும். அங்கே காய்ச்சும் இடம் எதுவாக இருந்தாலும், கறுப்பாக என்ன இருக்கிறது, எப்போது காய்ச்சியது என்று கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

சரி, எப்படிக் குடிப்பது என்பதற்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கோபமே. பெங்களூரில் ஒரு பாரில் நல்ல இம்பீரியல் ஸ்டவுட்டை (ஆல்கஹால் கூடின, கெட்டியான வகை), உறைந்து வெள்ளை படிந்த மக்கில் ஊற்றிக் கொடுத்தார்கள். விலை அறுநூறு ரூபாய்க்கு மேல். ஒன்றும் தெரியவில்லை, ஐஸ் தண்ணீரில் கசப்பு கலந்த மாதிரி இருந்தது. இருபது நிமிடம் தொடாமல் வைத்திருந்தேன், மெதுவாக வாசம் எழுந்தது. சில்லென்று இருந்தால் வாசம் மேலே வராது, வாசம் இல்லாவிட்டால் ஸ்டவுட்டில் பாதி இல்லை. லேசான ஸ்டவுட் என்றால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம், கெட்டியானது என்றால் அரை மணி நேரம் வெளியே வையுங்கள். 10 முதல் 13 டிகிரி வரை இருந்தால் போதும். எங்கள் ஊர் மார்ச் வெயிலில் அதற்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம்.

அதே வெயில்தான் பீருக்கு எதிரியும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அனலாக வீசும் மாதங்களில் தகரக் கூரைக் கிடங்கில் கிடந்த குப்பியைத் திறந்தால் நனைந்த அட்டைப் பெட்டி வாசம் அடிக்கும். வெளிச்சம் பட்டால், கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் சத்து கெட்டு நாற்றம் வரும், பழுப்புக் குப்பி அதைத் தடுக்கும், பச்சையும் வெள்ளையும் தடுக்காது. தயாரித்த தேதியைப் பாருங்கள். கள்ளை எப்போது இறக்கினார்கள் என்று கேட்காமல் நாம் வாங்குவோமா?

எங்கள் பக்கத்தில் சின்ன அளவில் காய்ச்சும் இடம் ஒன்று வர வேண்டும் என்பது என் ஆசை. பெரிய ஆலை வேண்டாம். பிளாச்சிமடையில் 2004இல் மூடப்பட்ட குளிர்பான ஆலையை நாங்கள் மறக்கவில்லை. 2025இல் எலப்புள்ளியில் மது ஆலைக்கு அரசு ஒப்புதல் கொடுத்தபோது எழுந்த எதிர்ப்பும் தண்ணீருக்காகத்தான், அதில் நானும் ஊர்க்காரர்கள் பக்கம்தான். ஒரு லிட்டர் பீருக்குப் பல லிட்டர் தண்ணீர் செலவாகும், மழை மறைவுப் பகுதியான எங்கள் ஊர் அதைத் தாங்காது. நான் கேட்பது ஒரு சின்ன இடம், ஊர்க் கிணற்றைக் கெடுக்காத அளவு. அங்கே நம் பனங்கருப்பட்டி போட்டு ஒரு ஸ்டவுட் காய்ச்ச வேண்டும். 2022இல் பாலக்காட்டுக்காரர் ஒருவர் போலந்தில் கேரளத்து அவலைச் சேர்த்து பீர் காய்ச்சி மலையாளி என்று பெயர் வைத்தார். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

போன தடவை அக்கா கொண்டுவந்த மர்ஃபிஸ் டப்பாவில் ஒன்றை மாமாவுக்கு எடுத்துப் போனேன். தோப்பில், சின்ன எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். அதே மாதிரி நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "கொட்டைய நல்லா வறுத்திருக்கறாங்க, ஆனா தீயவுடலை. இது காப்பி இல்லீங்களா?" என்று கேட்டார். பார்லி என்றேன். டம்ளரை வெயிலுக்கு நேரே சாய்த்துப் பார்த்துவிட்டு, "பார்லிங்களா? அந்தாளு அடுப்புப் பக்கத்துல இருந்து எந்திரிக்கவே இல்லையாட்ட இருக்குதுங்க" என்றார்.

அக்கா டிசம்பரில் வருகிறாள். இந்தத் தடவை பீமிஷும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாமாவிடம் கொடுக்க வேண்டும்.