கரையில் நின்று சிரித்தவர்களுக்கு

சனிக்கிழமை விழா மேடையில் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு அலைச்சறுக்கு எப்படி உதவுகிறது என்று நான் பேசிய ஐந்து நிமிடங்களைவிட, அதற்குப் பிறகு எழுந்த சிரிப்புதான் எல்லோருக்கும் நினைவில் இருக்கிறது. "போருக்குப் போய் வந்தவனுக்குக் கடல் விளையாட்டுதான் மருந்தா, அதுவும் அரசாங்கப் பணத்திலா?" என்று கேட்டவர் வயதில் மூத்தவர் என்பதால் பதில் சொல்லாமல் இறங்கிவிட்டேன். அது இன்னும் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருக்கிறது.

பலகையில் ஏறி அலைமேல் சறுக்கிப் போகும் அலைச்சறுக்கு (surfing), அந்த வீரர்களுக்கு விளையாட்டு இல்லை, சிகிச்சை. அமெரிக்காவில், நம் சான் டியேகோவில் இருக்கும் கடற்படை மருத்துவமனை 2008-லேயே அதைச் சிகிச்சைத் திட்டமாகத் தொடங்கிவிட்டது. கடும் மனச்சோர்வு கண்ட 96 படையினரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை அலைச்சறுக்குக்கும் இன்னொன்றை மலைப்பாதை நடைக்கும் ஆறு வாரம் அனுப்பி ஆராய்ந்திருக்கிறார்கள். இரண்டு குழுவிலும் மனச்சோர்வு குறைந்தது. "அப்படியானால் நடந்தாலே போதுமே" என்பீர்கள். நடக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், திட்டம் முடிந்து மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது நோயிலிருந்து மீண்டவர்கள் அலைக்குப் போன குழுவில்தான் அதிகம்.

நாற்காலியில் உட்கார்ந்து, எதிரில் இருப்பவரிடம் நடந்ததைச் சொல்ல எல்லோராலும் முடிவதில்லை. சென்ற மாதம் நான் பலகையைப் பிடித்து உதவிய வீரருக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. செயற்கைக் காலைக் கழற்றித் துண்டில் சுற்றி மணலில் வைத்துவிட்டு, இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் வந்தார். அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பலகையில் குப்புறப் படுத்தவரை நுரையலை வரும் நேரம் பார்த்துப் பின்னாலிருந்து தள்ளிவிட்டேன். நான்கு முறை கவிழ்ந்து உப்புத் தண்ணீர் குடித்தவர், ஐந்தாவது முறை மண்டியிட்டபடியே கரை வரைக்கும் போனார். திரும்பி வந்து, "இவ்வளவு நேரம் எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று நான் பார்க்கவே இல்லை" என்றார். அடுத்த அலை எங்கே உடையும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால், மனம் பழைய இடத்துக்குத் திரும்பிப் போக நேரம் கிடைப்பதில்லை. இதைச் சிகிச்சை என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

நோய் அடியோடு போய்விடும் என்று நான் எங்கும் சொல்லவில்லை. இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் முன்னாள் வீரர்களோடு பழகி ஆராய்ந்தவர்களும் இதைக் குணம் என்று சொல்லவில்லை, இளைப்பாறல் என்றுதான் சொன்னார்கள். அந்த இளைப்பாறலின் மதிப்பு தெரிய வேண்டுமென்றால் பிரவுன் பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையைப் பாருங்கள். 2001-க்குப் பிந்தைய போர்களில் களத்தில் இறந்த அமெரிக்கப் படையினர் 7,057 பேர். அந்தப் போர்க்காலத்தில் பணியாற்றி, தற்கொலையால் இறந்த படையினரும் முன்னாள் வீரர்களும் 30,177 பேர் என்று மதிப்பிடுகிறது அது. இதற்குப் பிறகும் செலவுக் கணக்குக் கேட்பவர்களிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஈராக் மக்களுக்கு யார் பலகை கொடுத்தார்கள்?" என்றும் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் போரை நான் ஒருநாளும் ஆதரித்ததில்லை. ஆனால் போரை முடிவு செய்தவர்கள் வேறு, பத்தொன்பது வயதில் அனுப்பப்பட்டவர்கள் வேறு. இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை, அதற்காகப் பலகையைக் கீழே வைக்கவும் மாட்டேன்.

என் அப்பா 1971 போருக்குப் போய் வந்தவர். ஊரில் விடியற்காலையில் பம்புசெட் தொட்டியில் கழுத்தளவு தண்ணீரில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பார். எழுந்து வந்த பிறகுதான் அம்மாவிடம் முதல் வார்த்தை பேசுவார். தண்ணீருக்குப் போக முடியாத நாட்களில் வீட்டில் யாரும் சத்தமாக ஒரு பாத்திரத்தைக்கூட வைக்க மாட்டோம். "மிலிட்டரிக்காரருக்குக் குளிக்கவே அரை நாள் வேண்டும்" என்று வரப்பில் போகிறவர்கள் சிரிப்பார்கள். துண்டோடு நிற்கும் அம்மா தலையைக் குனிந்துகொள்வார். அப்பாவுக்கு என்ன ஆனது என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை, நான் உட்பட. சனிக்கிழமை அரங்கில் கேட்டது அதே சிரிப்பு.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வழக்கமான இடத்தில் இருப்பேன். கேள்வி கேட்ட பெரியவர் வந்தால், பலகையின் மறுபக்கத்தை அவர் பிடித்துக்கொள்ளலாம்.