மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது

நகரத்துப் பெண்களுக்கு என்ன குறை, கூப்பிடு தூரத்தில் மருத்துவமனை இருக்கிறதே என்று பலர் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவோடு புறநோயாளர் வரிசையில் நிற்கும்வரை நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். கேட்டால் வயதாகிவிட்டது என்பார். அவருக்கு வயது 38. இரண்டு மாதம் மன்றாடிய பிறகுதான் மருத்துவமனைக்கு வரச் சம்மதித்தார். காலை ஏழு மணிக்குச் சீட்டு வாங்கினோம். மருத்துவரைப் பார்க்கப் பதினொன்றரை ஆனது. ரத்தம் கொடுக்க இன்னொரு வரிசை. முடிவை மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஆக, இரண்டு நாள் வேலை போயிற்று.

ஹீமோகுளோபின் 7.6. கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே ரத்தசோகை, 8க்குக் கீழே இறங்கினால் கடுமையானது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த உடம்போடு தினமும் ஐந்து வீடுகளைத் துடைத்திருக்கிறார்!

இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று மருத்துவர் கடிந்துகொண்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். பதில் எனக்குத் தெரியும். மருத்துவமனை திறந்திருக்கும் நேரமும் அவர் பிழைப்புக்கு ஓடும் நேரமும் ஒன்றேதான். மாதவிடாயில் பல மாதங்களாக ரத்தம் மிகுதியாகப் போவதையும் அங்கேதான் முதன்முதலாகச் சொன்னார், அதுவும் பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்டுவிடுமோ என்ற பயத்தோடு.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். நான்கே நாளில் நிறுத்திவிட்டார். மலம் கறுப்பாகப் போனதும் பயந்துவிட்டாராம். அந்த மாத்திரைக்கு அது இயல்பு என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் அவருக்குக் கிடைக்கவில்லை. இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அக்கா வசிக்கும் குடிசைப் பகுதியில் பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு கழிப்பறை. இருட்டிய பின் அங்கே போக அஞ்சி, மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை என்றார். சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டுமா? கர்ப்பிணிக்கு அது சிறுநீரகம்வரை ஏறினால் குறைப்பிரசவத்தில்கூட முடியலாம்.

உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்டோர் குடிசைப் பகுதிகளில் வாழ்வதாக ஐ.நா. சொல்கிறது. வசதியானவர்களையும் சேர்த்து எடுக்கும் நகரச் சராசரியில் இவர்களுடைய நோய் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

செய்ய முடியாதது எதையும் நான் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது மாலையில் மருத்துவமனையைத் திறக்கட்டும். விரல் நுனியில் எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தில் சில நிமிடங்களில் ஹீமோகுளோபின் அளவைக் காட்டும் கருவி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மறுநாள் வா என்று ஏன் அனுப்ப வேண்டும்? கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸைக் கண்டறியும் பரிசோதனைக்குப் பெண்ணே தன் மாதிரியை எடுத்துத் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனமே ஏற்றிருக்கிறது. மாதிரி எடுக்கும் குச்சியைச் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஆனால் பாதிப்பு தெரிந்தால் அடுத்த சிகிச்சைவரை கூடவே நின்று அழைத்துப்போக ஆள் வேண்டும். இல்லையென்றால் அந்தப் பரிசோதனை முடிவுத் தாளை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மருத்துவமனைக்குப் போகும் நாளுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். நான் பிடிக்கவில்லை. மற்ற நான்கு வீடுகளில் இரண்டில் பிடித்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் மறுபரிசோதனை. ஞாயிற்றுக்கிழமை பார்ப்பார்களா என்று அக்கா கேட்டார். பார்க்கமாட்டார்கள். விடுப்பு சொல்லிவிட்டேன், நானும் கூடப் போகிறேன்.