யார் சொன்னது?

"கூறப்படுகிறது" என்ற சொல்லைப் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன். இன்று காலை பேப்பரில் ஒரே ஒரு சாவுச் செய்தியில் அது மூன்று தடவை வந்திருந்தது. இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை.

ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். ஒருநாள் ராத்திரி பக்கம் முடிக்கிற நேரத்தில், கிணற்றில் ஒரு பெண்ணின் உடல் கிடந்த செய்தி வந்தது. கடைசி வரி இது: "நடத்தையில் சந்தேகப்பட்டு கணவர் அடிக்கடி தகராறு செய்ததாகக் கூறப்படுகிறது." அதுதான் 'கூறப்படுகிறது' என்று இருக்கிறதே, அப்புறம் என்ன என்று பக்கத்தை அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணின் அண்ணன் அலுவலகத்துக்கு வந்தார். பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். சத்தம் போடவில்லை. அந்த வரியில் விரலை வைத்து, "இதை யார் சார் சொன்னது? பேரை மட்டும் சொல்லுங்க" என்றார். நிருபருக்குப் போன் போட்டேன். "டீக்கடையில பேசிக்கிட்டாங்க சார்" என்றார். அதை அந்த மனிதரிடம் என்னால் சொல்ல முடியவில்லை.

தமிழுக்கு இந்த விஷயத்தில் பஞ்சமே கிடையாது. "வந்தான்" என்பதோடு ஓர் 'ஆம்' சேர்த்தால் போதும், நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன் என்று ஆகிவிடும். தொல்காப்பியர்கூட "என்ப" என்பார், "என்மனார் புலவர்" என்பார். அங்கே சொன்னவர் புலவர் என்று தெரிகிறது. நம் செய்தியில் வரும் 'கூறப்படுகிறது'வில் சொன்னவரே இல்லை. படிக்கிறவர் அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்வதும் இல்லை. நெருப்பில்லாமல் புகையுமா என்றுதான் ஊர் கேட்கும்.

சட்டச் சிக்கலுக்கு இந்தச் சொல் கவசம் என்று டெஸ்க்கில் ஒரு நம்பிக்கை உண்டு. எனக்கும் இருந்தது. அவதூறு பற்றிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-வது பிரிவை, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவை, ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். பழியை எழுதி வெளியிடுவதே அதற்குப் போதும். சொன்னது வேறொருவர் என்பதாலேயே வெளியிட்டவர் தப்பிவிட முடியாது. இறந்தவரைப் பற்றி எழுதினாலும், குடும்பத்தார் மனம் புண்பட வேண்டும் என்ற நோக்கம் இருந்தால் அது அவதூறுதான். நீதிமன்ற நடவடிக்கையை உள்ளபடி எழுதினால் விலக்கு உண்டு. டீக்கடைப் பேச்சுக்கு அப்படி எந்த விலக்கும் இல்லை.

தயக்கச் சொல்லே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேண்டிய இடத்தில் அதை விட்டுவிடுகிறோம், அதுதான் எனக்குக் கோபம். கைதானவர் அன்றைக்கே 'கொலையாளி' ஆகிவிடுகிறார். "விசாரணையில் தெரியவந்தது" என்று எழுதுகிறோம். தெரியவந்தது என்றால் உண்மை என்று முத்திரை குத்துவது. "போலீசார் கூறினர்" என்பதுதான் நடந்தது. "குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்பது இன்னும் மோசம். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து ஒருவரின் குற்றத்தை நிரூபிக்க முடியாது என்று 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டமே சொன்னது. 2023-ல் வந்த புதுச் சட்டத்திலும் அது அப்படியேதான் இருக்கிறது. நீதிமன்றம் ஏற்காத ஒன்றை நாம் கொட்டை எழுத்தில் தலைப்பாக்குகிறோம். அதே பக்கத்தில், ஊரே நனைந்த மழைக்கு "மழை பெய்ததாகக் கூறப்படுகிறது" என்று போட்டிருப்போம்!

பெயர் வெளியிட முடியாத ஆள் சொன்னாரா? சரி, "பெயர் வெளியிட விரும்பாத விசாரணை அதிகாரி ஒருவர்" என்று எழுதுங்கள். வாசகருக்கு எடை போட்டுப் பார்க்க ஏதோ ஒன்று கிடைக்கும். அப்படிக்கூட எழுத ஆள் இல்லை என்றால் அந்த வரி தேவையில்லை. "அப்போ இடம் காலியா இருக்குமே" என்பார்கள். நானும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

அந்தக் கடைசி வரியைப் பலமுறை திருத்திப் பார்த்துவிட்டேன். "இறப்புக்கான காரணம் இன்னும் தெரியவில்லை. போலீசார் விசாரித்து வருகின்றனர்." அன்று ராத்திரி எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இடமும் ஏறக்குறைய அதே அளவுதான் பிடித்திருக்கும்.