வியாழக்கிழமை, இரண்டாவது செட்

நியூயார்க்கின் ஜாஸ் கிளப்புகள் அடுத்த சில மாதங்களுக்கான நிகழ்ச்சிப் பட்டியலை வெளியிடும் போதெல்லாம், நியூஜெர்சியில் வசிக்கும் நம் நண்பர்கள் சிலர் எதற்குப் போகலாம் என்று என்னிடம் கேட்பார்கள். கேட்பவர்களில் பெரும்பாலோர் மனத்தில் ஒரு விடையோடுதான் வருகிறார்கள்: பெரிய அரங்கம், உலகறிந்த பெயர், சனிக்கிழமை மாலை. என் பரிந்துரை அதற்கு நேர் எதிரானது. நூறு பேருக்குச் சற்று அதிகமாக மட்டுமே உட்காரக்கூடிய ஒரு கிளப்பில், ஒரு வாரம் முழுவதும் வாசிக்க ஒப்பந்தமாகியிருக்கும் ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து, வியாழக்கிழமை இரவு இரண்டாவது செட்டுக்குப் போங்கள் (ஓர் இரவில் இடைவெளி விட்டு வாசிக்கும் ஒவ்வொரு பகுதியும் ஒரு செட்). அந்தக் குழுத் தலைவரின் பெயரை நீங்கள் இதுவரை கேள்விப்பட்டதே இல்லை என்றாலும் போங்கள்.

இந்தப் பரிந்துரையின் பின்னணி புரிய, கிரீன்விச் வில்லேஜில் செவன்த் அவென்யூ சவுத்தில் இருக்கும் வில்லேஜ் வான்கார்ட் என்ற நிலவறை ஜாஸ் கிளப்பை அறிந்துகொள்ள வேண்டும். மேக்ஸ் கார்டன் என்பவர் 1935 முதல் அந்த நிலவறையில் கிளப்பை நடத்தினார். தொடக்கத்தில் அங்கே கவிதை வாசிப்பும் நாட்டுப்புறப் பாடலும் நகைச்சுவையும்தான் நடந்தன. 1957இல்தான் அது முழுமையாக ஜாஸுக்கு மாறியது. 1989இல் அவர் இறந்த பிறகு மனைவி லொரெய்ன் கார்டன் அதை நடத்தினார், 2018இல் அவரும் மறைந்த பிறகு மகள் டெபோரா கார்டன் தொடர்ந்து நடத்திவருகிறார். 123 பேர் உட்காரலாம். அறை ஆப்பு வடிவில் குறுகிக்கொண்டே போய், அந்தக் குறுகிய முனையில் மேடை வருகிறது. சாப்பாடு கிடையாது. செட் நடக்கும்போது படம் எடுக்கவும் பதிவு செய்யவும் அனுமதி இல்லை. திங்கட்கிழமைகளில் வான்கார்ட் ஜாஸ் ஆர்கெஸ்ட்ராவும், செவ்வாய் முதல் ஞாயிறு வரை வேறொரு குழுவும், இரவுக்கு இரண்டு செட்டுகளாக, எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் வாசிப்பது அங்குள்ள வழக்கம்.

ஒரே குழு ஆறு இரவுகள், பன்னிரண்டு செட்டுகள் ஒரே மேடையில் வாசிக்கிறது என்பதுதான் என் வாதத்தின் மையம். ஒரே ஒரு மாலை மட்டும் வாசித்துவிட்டு மறுநாள் வேறு ஊருக்குப் போகும் குழு, தான் நன்கு அறிந்ததையே வாசிக்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறது, ஏனென்றால் தவறினால் திருத்திக்கொள்ள அடுத்த இரவு இல்லை. வாரம் முழுவதும் வாசிக்கும் குழுவோ செவ்வாய்க்கிழமை ஒரு புதிய உருப்படியை எச்சரிக்கையோடு தொட்டுப்பார்க்கிறது. புதன்கிழமை அதன் வேகத்தை மாற்றுகிறது. வியாழக்கிழமை வரும்போது, தாழ்ந்த ஸ்வரங்களை மீட்டும் பெரிய தந்திக் கருவியான பேஸை வாசிப்பவர் பியானோக்காரரின் அடுத்த எண்ணத்தை முன்கூட்டியே கேட்கத் தொடங்கிவிடுகிறார். வார இறுதியில் ஊர் சுற்றிப்பார்க்க வரும் கூட்டமும் அன்று இன்னும் வந்து சேர்ந்திருக்காது. முதல் செட்டில் விரல்களும் ஒலியும் பதப்பட்ட பிறகு, பத்து மணி செட்டில் குழு துணிகிறது. வசதி இருந்தால் ஒரே குழுவைச் செவ்வாயும் ஞாயிறும் இருமுறை கேளுங்கள். அதே உருப்படி ஐந்து நாளில் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதைக் கேட்பதைப் போன்ற கல்வி வேறில்லை.

பியானோக் கலைஞர் பில் எவன்ஸ் தம் மூவர் குழுவோடு 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை அங்கே வாசித்ததன் ஒலிப்பதிவு, இன்றும் உலகெங்கும் பியானோ மாணவர்கள் பாடமாகக் கேட்பது. பகலும் இரவுமாக அன்று ஐந்து செட்டுகள் வாசித்தார்கள். அது ஒப்பந்தத்தின் கடைசி நாள் என்பதை நாம் கவனிப்பதில்லை. பியானோ முன்னே போக, பேஸும் டிரம்ஸும் பின்னால் தாங்கிப் பிடிக்கும் பழைய முறையை விட்டு, மூவரும் சமமாக உரையாடும் அந்த நெருக்கம் அந்த அறையில் தொடர்ந்து பல இரவுகள் வாசித்த பிறகு கிடைத்தது. பதினொரு நாள் கழித்து, பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ 25 வயதில் கார் விபத்தில் இறந்துபோனார். டிரம்ஸ் வாசித்த பால் மோஷியன் 2011 வரை வாழ்ந்தார். பிற்காலத்தில் வெளியூர்ப் பயணங்களை முற்றிலும் நிறுத்திவிட்டு நியூயார்க்கில் மட்டுமே வாசித்த அவர், அப்போதும் அடிக்கடி வாசித்தது இதே நிலவறையில்தான். அந்த 1961ஆம் ஆண்டுப் பதிவை உற்றுக் கேட்டால் கண்ணாடிக் குவளைகள் உரசுவதும் சிலர் பேசிக்கொண்டிருப்பதும் காதில் விழும். அந்தப் பேச்சுக் குரல்கள் பதிவுக்கு உயிர் தருகின்றன என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்கவில்லையே என்ற வருத்தம்தான் ஒவ்வொரு முறையும் மேலெழுகிறது.

இத்தகைய அறைகள் தாமாக நிலைத்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜாஸ் கறுப்பின அமெரிக்கர்கள் உருவாக்கிய இசை. அதை வாசித்தவர்களை இந்த நகரம் நெடுங்காலம் சந்தேகத்தோடுதான் பார்த்தது. 1940 முதல் 1967 வரை, மது விற்கும் இடங்களில் வேலை செய்யும் ஒவ்வொரு கலைஞரும் காவல்துறை வழங்கும் கேபரே அட்டையை வைத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு வழக்கில் சிக்கினால் அட்டை போய்விடும், அதோடு பிழைப்பும் போய்விடும். பில்லி ஹாலிடே 1947இல் தண்டிக்கப்பட்ட பிறகு, கார்னகி ஹாலில் அவர் பாடலாம், நியூயார்க்கின் ஒரு சிறிய கிளப்பில் பாட முடியாது என்ற நிலை வந்தது. பியானோக் கலைஞர் தெலோனியஸ் மங்க் 1951இல் அட்டையை இழந்து, தம் படைப்பாற்றல் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் சொந்த ஊர்க் கிளப்புகளில் வாசிக்க முடியாமல் இருந்தார். 1957இல் அது திரும்பக் கிடைத்தபோது ஃபைவ் ஸ்பாட் கஃபேயில் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனைச் சேர்த்துக்கொண்டு மாதக்கணக்கில் வாசித்தார். கோல்ட்ரேன் என்ற கலைஞர் முழுமையடைந்ததில் அந்த மாதங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. உரிமம் இல்லாத இடங்களில் மூன்று பேருக்கு மேல் வாசிக்கக் கூடாது, காற்றுக்கருவியும் தாளக்கருவியும் கூடாது என்ற விதிகள்கூட 1980களின் பிற்பகுதி வரை நீடித்தன. அவற்றுக்கு ஆதாரமான 1926ஆம் ஆண்டுச் சட்டம் 2017இல்தான் நீக்கப்பட்டது. ஒரு சாக்ஸஃபோனும் டிரம்ஸும் சிறிய அறையில் ஒலிப்பதற்கே நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போது, இந்தக் கிளப்புகளை வெறும் பொழுதுபோக்கு இடங்களாக என்னால் பார்க்க முடிவதில்லை.

நம்மவர்கள் தயங்குவதற்குச் சொல்லும் முதல் காரணம், "எனக்கு ஜாஸ் புரியாது" என்பது. கர்நாடக சங்கீதத்தைச் சிறிதேனும் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தத் தயக்கம் தேவையற்றது. ஸ்டாண்டர்ட் எனப்படும், பல குழுக்களும் எடுத்து வாசிக்கும் பழைய உருப்படிகளில் பலவும் 32 பார் நீளமுள்ளவை (பார் என்பது தாளத்தின் ஒரு சிறு அளவு, பெரும்பாலும் நான்கு எண்ணிக்கை): எட்டெட்டு பார்களாக நான்கு பகுதிகள், முதலாவதும் இரண்டாவதும் நான்காவதும் ஏறத்தாழ ஒரே மெட்டு, பிரிட்ஜ் எனப்படும் மூன்றாவது பகுதி மட்டும் வேறு. முதலில் குழு அந்த மெட்டை வாசித்துக் காட்டும். அதன்பின் வரும் ஒவ்வொரு சோலோவும், அதாவது ஒரு கலைஞர் கற்பனையாக முன்னின்று வாசிப்பதும், அதே 32 பார் சுழற்சியின் மேல்தான் நடக்கிறது. மெட்டை மனத்துக்குள் முணுமுணுத்துக்கொண்டே சோலோவைக் கேளுங்கள். பிரிட்ஜ் வரும் இடத்தை ஒருமுறை சரியாகப் பிடித்துவிட்டால், ஆவர்த்தனத்தை விடாமல் கேட்கும் ரசிகருக்குக் கிடைக்கும் பிடிமானம் அங்கேயே கிடைத்துவிடும். வேறுபாடு ஒன்று உண்டு. கல்பனாஸ்வரத்தில் ராகம் மாறாமல் நிற்க, அதற்குள் கற்பனை விரிகிறது. ஜாஸில் பாருக்குப் பார் அடியில் இருக்கும் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, நகர்ந்துகொண்டே இருக்கிறது, அந்த நகர்வுக்கு ஏற்ற ஸ்வரங்களைக் கலைஞர் அந்தக் கணத்தில் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. உருப்படியின் இறுதியை நெருங்கும்போது சோலோ வாசிப்பவரும் டிரம்ஸ் வாசிப்பவரும் நான்கு நான்கு பாராக மாறி மாறி வாசிப்பார்கள். பாடகரும் வயலின்காரரும் குறைப்பில் மாறி மாறிப் பதில் சொல்வதைக் கேட்டவர்கள் அதை யாரும் விளக்காமலே ரசிப்பார்கள்.

ஒரு வேண்டுகோளையும் இங்கே வைக்கிறேன். சென்னையில் மார்கழிக் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகும் பழக்கம் எவ்வளவு வருந்தத்தக்கதோ, அதே அளவுக்கு வருந்தத்தக்கது கிளப்பில் பேஸ் சோலோ தொடங்கியதும் பக்கத்திலிருப்பவரிடம் பேசத் தொடங்குவது. பேஸ் சோலோவின்போது மற்றக் கருவிகள் வேண்டுமென்றே ஒதுங்குகின்றன. ஒரு செட்டிலேயே மிக மெல்லிய ஒலி அதுதான். 123 பேர் இருக்கும் அறையில் இரண்டு பேர் பேசினால் போதும், அது எல்லோருக்கும் போய்விடும்.

ஜாஸ் பியானோக் கலைஞர் விஜய் ஐயரைப் பற்றி என்னிடம் விசாரிக்காத தமிழர் இல்லை. தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் பிறந்தவர், இயற்பியலும் கணிதமும் படித்தவர், பியானோவைப் பெரும்பாலும் தாமாகவே கற்றவர், படைப்பாற்றலுக்காக அமெரிக்காவில் வழங்கப்படும் மக்கார்தர் ஃபெலோஷிப்பை 2013இல் பெற்றவர். லிண்டா மே ஹான் ஓ பேஸிலும் டைஷான் சோரி டிரம்ஸிலும் இருக்கும் அவருடைய மூவர் குழு பட்டியலில் தென்பட்டால் அவசியம் போங்கள். அதேபோல, உமையாள்புரம் சிவராமனிடம் பயின்ற ராஜ்னா சுவாமிநாதன் மிருதங்கத்தோடு ஜாஸ் கலைஞர்களுடன் வாசிக்கும் நிகழ்ச்சியையும் தவறவிடாதீர்கள். ஆனால் நம்மவர் என்ற காரணத்துக்காக மட்டும் போய், அவர் வாசித்து முடித்ததும் அடுத்த ஆண்டு வரை அந்தப் பக்கமே போகாமல் இருப்பதை நான் ஏற்க மாட்டேன். விஜய் ஐயரின் இசையில் மங்க்கும் இன்னொரு பியானோக் கலைஞரான ஆண்ட்ரூ ஹில்லும் ஆழமாக இருக்கிறார்கள். அந்த மரபை அறியாமல் அவரை மட்டும் கேட்பது பாதிதான் கேட்டதாகும்.

மற்ற கிளப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெஸ்ட் டென்த் ஸ்ட்ரீட்டில் 1994இல் தொடங்கிய ஸ்மால்ஸ், இளம் கலைஞர்களைக் கேட்க மிகச் சிறந்த இடம். நள்ளிரவையொட்டி அங்கே நடக்கும், ஒத்திகையின்றிப் பல கலைஞர்கள் சேர்ந்து வாசிக்கும் ஜாம் செஷனில் இன்று பெயர் தெரியாமல் வரிசையில் காத்திருப்பவர்கள் சில ஆண்டுகளில் சொந்தக் குழுவோடு வருவதைக் காணலாம். அதே தெருவில் இருக்கும் மெஸ்ரோ, பியானோவையும் பேஸையும் மட்டும் நெருக்கமாகக் கேட்க விரும்புபவர்களுக்கானது. லிங்கன் சென்டர் ஜாஸ் அமைப்பின் டிஸ்ஸீஸ் கிளப்பில் நல்ல சாப்பாடும், மேடைக்குப் பின்னால் சென்ட்ரல் பார்க் தெரியும் கண்ணாடிச் சுவரும் உண்டு. குடும்பத்தோடு முதல்முறை போவதற்கு அதையே சொல்வேன். 1981இல் தொடங்கிய ப்ளூ நோட்டில் பெரிய பெயர்கள் வருகிறார்கள், நெரிசலும் விலையும் அதற்கேற்பவே இருக்கின்றன. குளிர்காலத்தில் ஜனவரியில் வின்டர் ஜாஸ்ஃபெஸ்ட் நகரின் பல மேடைகளில் நடக்கிறது. ஆகஸ்டில் சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கர் பெயரில் ஹார்லெமிலும் டாம்ப்கின்ஸ் ஸ்கொயரிலும் நடக்கும் திறந்தவெளி விழாவுக்குக் கட்டணமே இல்லை.

கட்டணத்தைப் பற்றிய முணுமுணுப்புகளையும் கேட்கிறேன். டிக்கெட்டுக்கு மேல் ஒரு பானமாவது வாங்க வேண்டும் என்ற நிபந்தனை பல கிளப்புகளில் உண்டு. குடிக்காதவர்கள், குறிப்பாக நம் வீட்டுப் பெண்களும் பெரியவர்களும், அதை நினைத்தே வர மறுக்கிறார்கள். சோடாவோ பழச்சாறோ வாங்கினாலும் நிபந்தனை நிறைவேறிவிடும்; யாரும் முகம் சுளிப்பதில்லை. விலையைப் பொறுத்தவரை, திரைப்பாடல் நிகழ்ச்சிக்கு விளையாட்டரங்கின் மேல் வரிசையில் உட்கார நாம் தயங்காமல் கொடுக்கும் தொகையில் இரண்டு பேர் வான்கார்ட் நிலவறையின் முன்வரிசையில் உட்காரலாம். மறுபக்கம், இரண்டு செட்டும் நிரம்பினால்கூட வான்கார்டில் ஓர் இரவுக்கு விற்பது 246 இருக்கைகள். அந்த வருமானத்தில்தான் மன்ஹாட்டனின் செலவும், கலைஞர்களின் ஊதியமும், பியானோவைச் சுருதி சேர்ப்பவரின் கூலியும் அடங்க வேண்டும். இருபத்தேழாம் தெருவில் இருந்த ஜாஸ் ஸ்டாண்டர்ட், பெருந்தொற்றுக் காலத்தில் 2020 டிசம்பரில் நிரந்தரமாக மூடப்பட்டது. நல்ல ஒலியமைப்பும் நல்ல ரசனையும் கொண்டிருந்த அந்த அறையின் இடத்தை வேறொன்று நிரப்பியதாக எனக்குத் தோன்றவில்லை. ஸ்மால்ஸ் தன் நிகழ்ச்சிகளை இணையத்தில் நேரலையாகத் தருகிறது. தொலைவில் இருப்பவர்களுக்கு அது பெரிய கொடை, நானும் கேட்கிறேன். ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தொலைவில் இருக்கும் நாம் அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்றே தெரியவில்லை என்பவர்களுக்கு, திங்கட்கிழமை இருக்கிறது. ட்ரம்பெட் கலைஞர் தேட் ஜோன்ஸும் டிரம்ஸ் கலைஞர் மெல் லூயிஸும் 1966 பிப்ரவரி 7 அன்று வான்கார்டில் தொடங்கிய பெரிய ஆர்கெஸ்ட்ரா, இருவரும் மறைந்த பின்னும் வான்கார்ட் ஜாஸ் ஆர்கெஸ்ட்ரா என்ற பெயரில் வாரந்தோறும் அதே மேடையில் வாசிக்கிறது. அந்தச் சிறிய அறையில் அத்தனை ட்ரம்பெட்டுகளும் ட்ரோம்போன்களும் சாக்ஸஃபோன்களும் ஒன்றாக எழும்பும்போது அந்த ஒலி மார்பிலேயே வந்து மோதும். எந்த ஒலிப்பதிவும் அதைத் தருவதில்லை. முன்பதிவு செய்துகொள்ளுங்கள், கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். மேடைக்கு மிக அருகே உட்கார்ந்தால் முன்னால் இருக்கும் சாக்ஸஃபோன் வரிசை மற்றவற்றை மறைத்துவிடும் என்பதால், அறையின் நடுப்பகுதியில் சுவரோரம் இருக்கும் இருக்கைகளைப் பிடியுங்கள். நியூஜெர்சிக்காரர்களுக்கு, நியூஜெர்சியையும் மன்ஹாட்டனையும் இணைக்கும் பாத் ரயிலின் கிறிஸ்டோஃபர் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்; இரவு முழுவதும் ரயில் ஓடுவதால் பத்து மணி செட் முடிந்தும் நிதானமாக வீடு திரும்பலாம்.